ஸீராஃப் வீழ்ந்த பின் ஸீராஃபி வணிகர்கள்

ஹிஜ்ரி 366 அல்லது 367ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 977ஐ ஒட்டி, பாரசீக வளைகுடாவின் வடகரையிலிருந்த ஸீராஃப் துறைமுகம் ஏழு நாள்கள் நடுங்கிற்று. வீடுகளில் பெரும்பாலானவை இடிந்தன. மக்கள் கடலை நோக்கி ஓடினர். இச்செய்தியை நமக்குத் தருபவர் புவியியல் பேரறிஞர் அல்முகத்தஸீ. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின் நூல் எழுதிய அவர், அவ்வூராருடன் தாம் உரையாடியதையும் பதிவு செய்துள்ளார். இத்தகைய தண்டனை இறங்கும் அளவுக்கு நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று அவர் வினவ, விபசாரமும் வட்டியும் தங்களிடையே மலிந்துவிட்டதாக அவர்கள் ஒப்புக்கொண்டனராம். அதற்குப் பிறகேனும் படிப்பினை பெற்றீர்களா என்று கேட்டதற்கு, பெறவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்களாம்.

இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்போர் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஸீராஃபியரின் கதையோ அதன்பின் நெடுந்தூரம் செல்கிறது. ஹிஜ்ரி 532இல் (கி.பி. 1137–38) அரசர்களிடையே நிலவிய பூசலால் கஅபாவுக்குரிய போர்வை வந்து சேரவில்லை. அவ்வாண்டு தம் சொந்தச் செலவில் கஅபாவைப் போர்த்தியவர் ஒரு வணிகர். செலவு 18,000 எகிப்திய தீனார் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் எழுதுகிறார். மக்காவில் பயணியர் விடுதி ஒன்றையும் அவர் கட்டியிருந்தார். கஅபாவின் நீர்த்தாரைக்குப் பொற்குழாய் அளித்ததாகவும் செய்தி உண்டு. ஹிஜ்ரி 534இல் மறைந்து மக்காவிலேயே அடக்கம் செய்யப்பட்ட அவருடைய பெயர் அபுல் காஸிம் ராமிஷ்த், ஊர் ஸீராஃப்.

நிலநடுக்கத்துக்கும் இந்தப் போர்வைக்கும் இடையே ஏறத்தாழ 160 ஆண்டுகள். அதற்குள் ஸீராஃப் நகரின் பெரும்பகுதி கைவிடப்பட்டுப் பாழாகியிருந்தது. ஊர் போன பிறகும் ஊராரின் வணிகம் எவ்வாறு நிலைத்தது? இக்கேள்விக்கு விடை தேடினால், நெருக்கடிக் காலத்தில் வணிகத்தை இடம் பெயர்ப்பது என்றால் உண்மையில் எதைப் பெயர்ப்பது என்பது விளங்கும்.

ஸீராஃப் இயற்கை வளத்தால் எழுந்த ஊரன்று. பின்னால் வறண்ட மலை, முன்னால் கடல், இடையே ஒடுங்கிய நிலம். விளைநிலம் குறைவு, வெப்பம் கடுமை, பழங்களும் நல்ல நீரும் மலைக்கு அப்பாலுள்ள ஜம் பகுதியிலிருந்து வரவேண்டும். ஆயினும் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் எழுதிய அல்இஸ்தக்ரீ, அதனை ஏறக்குறைய ஷீராஸ் நகருக்கு ஒப்பிடுகிறார். தேக்காலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரத்தாலும் கட்டப்பட்ட பல அடுக்கு வீடுகள் அங்கிருந்தன. ஒரே வணிகர் தம் வீட்டுக்கு 30,000 தீனாருக்கு மேல் செலவிடுவதும் உண்டாம். அதே ஆசிரியர் ஸீராஃபைச் சேர்ந்த இன்னொருவரைப் பற்றியும் சொல்கிறார். கடலோடு பழகிப்போன அம்மனிதர் நாற்பது ஆண்டுகளாகக் கப்பலை விட்டுக் கரையில் இறங்கவேயில்லை. துறை வந்ததும் தம் தோழரை அனுப்பி வணிகத்தை முடித்துக்கொள்வார். கப்பல் பழுதானால் வேறொரு கப்பலுக்கு மாறிக்கொள்வார். ஒரே ஊரில் வாழ்ந்த இவ்விருவரில் யாருடைய பொருள் நிலநடுக்கத்தில் மண்ணோடு போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

(அரபு இலக்கணம் பயில்வோருக்கு ஸீராஃபீ என்றதும் நினைவுக்கு வருபவர் வேறொருவர். ஸீபவைஹியின் நூலுக்கு விரிவுரை வரைந்த அபூஸயீத் அஸ்ஸீராஃபீ இவ்வூரில் பிறந்து பக்தாதில் வாழ்ந்தவர். நிலநடுக்கத்துக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து ஹிஜ்ரி 368இல் மறைந்தார். நீதிபதிப் பொறுப்புக்கு ஊதியம் பெறாமல், நூல்களைப் படியெடுத்துக் கிடைத்த கூலியில் வாழ்ந்தவர் என்பர்.)

நிலநடுக்கம் ஸீராஃபியருக்கு முதல் நெருக்கடியன்று. ஹிஜ்ரி 257இல் (கி.பி. 871) ஸன்ஜ் அடிமைகளின் கிளர்ச்சிப் படை பஸ்ராவைச் சூறையாடிற்று. வளைகுடா வணிகத்தின் மேற்கு வாயில் அது. சில ஆண்டுகளிலேயே கிழக்கு வாயிலும் அடைபட்டது. அரபியர் கான்ஃபூ என்றழைத்த சீனத்துக் குவாங்சோ நகரை ஹுவாங் சாவோ என்னும் கிளர்ச்சித் தலைவன் கைப்பற்றினான். அபூஸைத் அஸ்ஸீராஃபீ இதனை ஹிஜ்ரி 264இல் நிகழ்ந்ததாகக் குறிப்பிடுகிறார்; சீன வரலாறுகள் கி.பி. 879 என்கின்றன. அங்கு வணிகம் செய்துவந்த முஸ்லிம்கள், யூதர், கிறித்தவர், மஜூஸிகள் ஆகியோரில் 1,20,000 பேர் கொல்லப்பட்டதாக அபூஸைத் எழுதுகிறார். எண் மிகையாக இருக்கலாம். ஆனால் பட்டுக்கு ஆதாரமான முசுக்கொட்டை மரங்களும் வெட்டி வீழ்த்தப்பட்டன என்னும் குறிப்பும், அப்பேரழிவின் இழப்பு ஸீராஃபிலும் உமானிலும் இருந்த கப்பல் தலைவர்களையும் வழிகாட்டிகளையும் வந்து தாக்கிற்று என்னும் குறிப்பும், செய்தியை ஊருக்குள்ளிருந்தே கேட்டு எழுதியவருடையவை.

அவர்கள் செய்தது என்ன? சீன வணிகத்தைக் கைவிடவில்லை. சந்திக்கும் இடத்தை மாற்றினர். ஹிஜ்ரி 332இல் எழுதிய அல்மஸ்ஊதீ இதனைத் தெளிவாகச் சொல்கிறார்: முன்னர்ச் சீனக் கப்பல்கள் உமானுக்கும் ஸீராஃபுக்கும் வரும், இங்குள்ளவை அங்குச் செல்லும், நிலைமை கெட்ட பின் இரு தரப்பும் நடுவழியிலுள்ள கலாஹ் என்னும் துறையில் சந்திக்கலாயின. கலாஹ் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலிருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சீனத்துக்கே போக விரும்பிய ஸமர்கந்து வணிகர் ஒருவர் கலாஹ் வரை ஒரு கப்பலிலும், அங்கிருந்து சீனக் கப்பலிலுமாகச் சென்ற கதையையும் அவர் தருகிறார். ஆபத்தான பாதியை அந்த நாட்டவரிடமே விட்டுவிட்டு, தமக்குப் பழக்கமான பாதியை மட்டும் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஆதாயத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்; தொழில் பிழைத்தது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஸீராஃபியர் தம் ஊருக்குக் கேடு வருமுன்பே பல ஊர்களில் வேரூன்றியிருந்தனர். ஹிஜ்ரி 304இல் (கி.பி. 916–17) அல்மஸ்ஊதீ இந்தியாவின் மேற்குக் கரையில், இன்றைய மும்பைக்குத் தெற்கேயுள்ள ஸைமூர் என்னும் ஊரில் இருந்தார். அங்கு ஸீராஃப், உமான், பஸ்ரா, பக்தாத் முதலிய ஊர்களைச் சேர்ந்தவர்களும், இந்திய மண்ணிலேயே பிறந்து பயாஸிரா எனப்பட்டவர்களுமாகப் பத்தாயிரம் முஸ்லிம்கள் வாழ்ந்ததாகக் கூறுகிறார். அவர்களுடைய வழக்குகளைத் தீர்க்க அவர்களுள் ஒருவரையே மன்னர் தலைவராக நியமித்திருந்தார். ஆகவே கி.பி. 977இல் கடலுக்கு ஓடிய ஸீராஃபி வணிகருக்குப் போக்கிடம் இருந்தது. அங்கே மாமனோ மைத்துனனோ, அவர் பெயரைக் கேட்டதும் சரக்கைக் கடனாகத் தரும் ஒருவரோ இருந்தார்.

நிலநடுக்கம்தான் ஸீராஃபை அழித்தது என்று எழுதுவது எளிது. நான் அதை முழுதும் ஏற்பதில்லை. வணிகம் ஓடிக்கொண்டிருந்தால் இடிந்த ஊர் மீண்டும் எழும். முகத்தஸீ கண்ட காலத்தில் அவர்கள் திரும்பக் கட்டத் தொடங்கியும் இருந்தனர். புவைஹி ஆட்சி வந்ததிலிருந்தே ஊர் தளர்ந்ததாகவும், மக்கள் எதிர்க்கரைக்குச் சென்று உமானின் தலைநகரான ஸுஹாரை வளர்த்ததாகவும் அவரே சொல்கிறார். கி.பி. 969இல் எகிப்தை வென்ற ஃபாத்திமியர் செங்கடல் வழியை ஊக்குவித்தனர். இந்தியச் சரக்கு பக்தாதைவிடக் கெய்ரோவைத் தேடிச் சென்றது. வளைகுடாவுக்குள்ளேயே கைஸ் தீவின் தலைவர்கள் வலுப்பெற்று, வரும் கப்பல்களைத் தம் துறைக்குத் திருப்பினர். இத்தனைக்கும் நடுவே வந்த ஏழு நாள் நடுக்கம், போகலாமா வேண்டாமா என்று தயங்கியவர்களை முடிவெடுக்க வைத்தது என்று கொள்வதே பொருத்தம்.

இனி, இடம்பெயர்ந்தவர்கள் எதை எடுத்துச் சென்றனர் என்னும் கேள்விக்கு வருவோம். தேக்கு மாளிகையைத் தூக்கிச் செல்ல முடியாது. சரக்கும் ஓரளவுக்குத்தான். அவர்களோடு சென்றது ஒப்பந்த முறை. ஷாஃபிஈ நூல்களில் கிராள் என்றும் ஹனஃபீ நூல்களில் முளாரபா என்றும் வழங்கும் கூட்டு அது. ஒருவர் முதல் தருகிறார், மற்றவர் உழைக்கிறார், ஆதாயத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்கின்றனர். முதல் அழிந்தால் இழப்பு முதலாளியுடையது. உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீண். முகவரின் கையிலுள்ள முதல் அமானிதம். அவர் வரம்பு மீறாதவரை, கவனக்குறைவு இல்லாதவரை, அதற்கு ஈடு கட்ட வேண்டியதில்லை.

இமாம் நவவீயின் மின்ஹாஜிலும் அதன் விரிவுரைகளிலும் இப்பாடத்தில் ஒரு சட்டம் வரும். முதலாளியின் அனுமதியின்றி முகவர் முதலுடன் பயணம் செய்யலாகாது. பயணத்துக்குப் பொதுவாக அனுமதி தந்திருந்தாலும் அது கடற்பயணத்தை உள்ளடக்காது, கடலைக் குறிப்பிட்டே அனுமதிக்க வேண்டும். ஹனஃபீ சட்டமோ, கட்டுப்பாடு விதிக்காத முளாரபாவில் முகவர் பயணம் செய்வதை அனுமதிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவர், விமானத்தில் பறக்கும் காலத்தில் கடலுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்டார். அவருடைய தந்தை, 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் ஷார்ஜாவிலிருந்த சிறு கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியவர். கடையின் முதல் முழுவதும் பலரிடம் வாங்கிய கடன். கடை போயிற்று, கடன் கூடவே வந்தது. நான் அவரிடம் கடலைப் பற்றிப் பேசவில்லை. இச்சட்டம் கேட்பது ஒன்றே: ஆபத்து வருமுன், அது யாருடைய ஆபத்து என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டார்களா? உங்கள் தந்தைக்குப் பணம் தந்தவர்கள் கிராளாகத் தந்திருந்தால் இழப்பு அவர்களோடு நின்றிருக்கும். ஆதாயம் வந்த ஆண்டுகளில் அவர்களுக்கும் பங்கு போயிருக்கும், என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, ஆதாயம் வந்த ஆண்டுகளில் வாப்பா யாருக்கும் பங்கு கொடுத்திருக்க மாட்டார் உஸ்தாத், என்றார். நேர்மையான மறுமொழி. கிராள் இன்று பெரும்பாலும் பாடத்தோடு நின்றுபோனதற்கு அதில் பாதிக் காரணம் அடங்கியிருக்கிறது.

கான்ஃபூவில் சரக்கை இழந்து உயிர்தப்பிய முகவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். முதல் கடனாயிருந்தால் அவர் ஊர் திரும்ப அஞ்சுவார். திரும்பினாலும் எஞ்சிய வாழ்நாள் கடனடைப்பதிலேயே கழியும். கிராளாயிருந்தால் வெறுங்கையுடன் வந்தாலும் அவர் கடனாளியல்லர். அடுத்த ஆண்டே இன்னொருவரின் முதலைப் பெற்றுக் கலாஹுக்குப் போகலாம். பேரிழப்பு நேரும்போது உழைக்கும் திறனுடையவனைத் தொழிலுக்கு வெளியே தள்ளிவிடாத இந்த ஏற்பாடே அக்கால வணிகத்தின் தாங்கும் வலிமை என்பது என் கருத்து. நிலநடுக்கத்துக்கு ஒழுக்கக் காரணம் கற்பிக்க நான் முன்வரவில்லை. ஆனால், வட்டி மலிந்தது என்று ஸீராஃபியரே முகத்தஸீயிடம் சொன்னதைப் பொருளியல் செய்தியாகவும் வாசிக்க இடமுண்டு.

ஒப்பந்தத்தோடு சில வழக்கங்களும் சேர்ந்திருந்தன. பழைய கெய்ரோவின் யூத ஆலயம் ஒன்றின் சேமிப்பறையில் கிடைத்த கனீஸா மடல்கள், இந்தியப் பெருங்கடல் வணிகர்களின் அன்றாடத்தைக் காட்டுபவை. ஒரே வணிகர் தம் சரக்கைப் பல கப்பல்களில் பிரித்து ஏற்றுவது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய துறைகளில் வணிகர்களுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். வகீலுத் துஜ்ஜார் என்பது அவருடைய பெயர். இல்லாதவரின் சரக்கைக் காப்பதும், இறந்தவரின் பொருளை வாரிசுகளுக்காக வைத்திருப்பதும், பிணக்குகளைத் தீர்ப்பதும் அவர் பணி. யூத வணிகர்கள் தம் சரக்கை முஸ்லிமான ராமிஷ்தின் கப்பல்களில் நம்பி ஏற்றியதும் இம்மடல்களால் தெரியவருகிறது.

அம்மடல்களுள் இரண்டு ஒரு போர்ச்செய்தியைச் சொல்கின்றன. கி.பி. 1135 அளவில் கைஸ் தீவின் கப்பற்படை ஏடன் துறையை முற்றுகையிட்டுக் கிடந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் கடந்த பின் ராமிஷ்தின் இரு கப்பல்கள் துறைக்கு வந்துசேர, நகரத்துப் படையினர் அவற்றில் ஏறிப் போரிட்டுப் பகைவரை விரட்டினர். ஸீராஃபின் வணிகத்தை விழுங்கி வளர்ந்த தீவின் படையை ஸீராஃபி ஒருவரின் கப்பல்கள் தம் சொந்த ஊரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள துறையில் முறியடித்தன. ஊர்ப் பாசத்தால் என்று சொல்வதற்கில்லை. ஏடன் அவருக்கு வணிகத் துறை, அவ்வளவே.

கைஸும் பின்னர்ப் பெருநகரமாயிற்று; அதன் கிளை நம் கரை வரை நீண்டது. கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவை ஆண்டவர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ என்னும் வணிகர். மங்கோலியரிடமிருந்து ஃபார்ஸ் மாகாண வரிவசூலைக் குத்தகையாகப் பெற்றவர். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரிடம் அமைச்சராயிருந்தார். காயல் உட்படச் சில துறைகள் இவர் பொறுப்பிலிருந்தன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்களெல்லாம் காயலைத் தொடும் என்பது மார்க்கோ போலோவின் குறிப்பு. ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், வழியில் கடலில் மாண்ட குதிரைகளுக்கும் பாண்டியர் கருவூலமே விலை தந்ததாகவும் வஸ்ஸாஃப் சொல்கிறார். அவருடைய எண்களில் அரசவைப் பெருமிதம் கலந்திருக்கலாம். ஆனால் கடைசிச் செய்தி சட்டம் பயில்வோரை நிறுத்திச் சிந்திக்கவைக்கும். வாங்கியவரிடம் ஒப்படைக்கும் முன் பொருள் அழிந்தால் இழப்பு விற்றவருடையது என்பதே நாம் படிக்கும் சட்டம். இவ்வொப்பந்தம் அதற்கு நேர்மாறாகக் கடலின் ஆபத்து முழுவதையும் வாங்குபவர் மீது ஏற்றிற்று. ஒரு சகோதரர் விற்குமிடத்திலும் இன்னொருவர் வாங்கும் அரசின் அமைச்சுப் பதவியிலும் இருந்தால் இத்தகைய நிபந்தனைகள் எளிதில் கையெழுத்தாகும். கிளைபரப்புவதில் வலிமை உண்டு. அவ்வலிமை எப்போதும் நீதியின் பக்கம் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஹுர்முஸின் கதை இன்னும் வியப்பானது. அப்பெயருடைய நகரம் முதலில் இருந்தது பெருநிலத்தில், இன்றைய மீனாப் பகுதியில். மத்திய ஆசியப் படையினரின் தொடர் சூறையாடலைத் தாங்கமாட்டாமல், கி.பி. 1300 அளவில் அதன் ஆட்சியாளர் பஹாவுத்தீன் அயாஸ் மக்களைக் கடல் கடத்தி ஜாரூன் என்னும் தீவில் குடியேற்றினார். உப்புப் பாறைகள் நிறைந்த தீவு. குடிநீரும் வெளியிலிருந்து வரவேண்டும். பின்னாளில் அங்குச் சென்ற இப்னு பதூதா, நீர் விலைமிக்கதாயிருந்ததைக் குறிப்பிடுகிறார். பழைய பெயரையே தீவுக்கும் இட்டனர், ஜாரூன் ஹுர்முஸாயிற்று. சில பத்தாண்டுகளில் அது கைஸையே அடக்கிக்கொண்டது. 1622இல் ஷா அப்பாஸின் படை ஆங்கிலேயர் துணையுடன் போர்த்துகீசியரிடமிருந்து அதனைக் கைப்பற்றிய பின், வணிகம் மீண்டும் கரையேறி பந்தர் அப்பாஸுக்குச் சென்றது.

இத்தனை இடப்பெயர்வுகளையும் வணிகரின் பக்கம் நின்றே சொல்லிவந்தேன். நூல்கள் அவர்களைத்தான் பேசுகின்றன. ஸீராஃபில் 1966 முதல் 1973 வரை டேவிட் ஒய்ட்ஹவுஸ் தலைமையில் நடந்த அகழாய்வில் பெரிய பள்ளிவாசலும் கடைவீதியும் வணிகர் மாளிகைகளும் வெளிப்பட்டன. குயவர்களின் சூளைகளும் வெளிப்பட்டன. கிராள் ஒப்பந்தத்தில் குயவருக்கு இடமில்லை. அவருடைய மண்ணும் சூளையும் வாடிக்கையாளரும் அந்த ஊரில்தான். தண்ணீர் சுமந்தவர், மரம் இழைத்தவர், கப்பலில் சுமை ஏற்றியவர் ஆகியோருக்கு ஸைமூரில் மைத்துனரும் இல்லை, ஏடனில் வகீலும் இல்லை. முதல் உடையவரோ, முதல் உடையவரின் நம்பிக்கையைப் பெற்றவரோ மட்டும் போகக்கூடிய பயணமாக அது இருந்தது.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாகூத் அல்ஹமவீ ஸீராஃபுக்குச் சென்றார். அவரும் கைஸ் தீவுக்கு வணிகத்தின் பொருட்டுப் பலமுறை போய்வந்தவர்தாம். கைஸ் செழித்த பிறகே ஸீராஃப் பாழடைந்தது என்று தம் ஊரகராதியில் எழுதும் அவர், பழைய கட்டடங்களின் சிதைவுகளையும், தேக்குத் தூண்கள் தாங்கி நின்ற அழகிய ஜும்ஆப் பள்ளியையும் கண்டார். அங்கு வாழ்ந்தவர்கள் வறியோர் சிலர். அவர்கள் ஏன் இன்னும் அங்கே இருக்கின்றனர் என்பதற்கு அவருக்குத் தோன்றிய காரணம் ஒன்றே: பிறந்த மண்ணின் மீதுள்ள நேசம். போவதற்கு அவர்களிடம் முதல் இருந்ததா என்று யாகூத் கேட்டெழுதவில்லை.